டல்ஹவுசியா என்னும் பெயருக்கு உரியவர்

டல்ஹவுசி என்றதும் இந்திய வரலாற்று மாணவர்களின் நினைவுக்கு வருபவர் வாரிசு இழப்புக் கொள்கையின் தலைமை ஆளுநரே. இமாச்சலத்து மலைநகரும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஆகவே, வடகிழக்கு இந்தியாவில் வளரும் டல்ஹவுசியா பிராக்டியேட்டா என்னும் பயறு வகைப் புதர்க்கொடியும் அவர் நினைவாகப் பெயரிடப்பட்டதே என எண்ணுவது இயல்பு. உண்மையில் அப்பெயருக்கு உரியவர் அவருடைய தாய்.

1786இல் ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்டியன் பிரவுன், 1805இல் டல்ஹவுசியின் ஒன்பதாம் கோமகனை மணந்தார். (கிறிஸ்டியன் அங்கே பெண்பாற் பெயராகவும் வழங்கியது.) கணவரின் பதவிகள் அவரை நோவா ஸ்கோஷியாவுக்கும் கியூபெக்குக்கும், பின்னர் சிம்லாவுக்கும் கொண்டு சென்றன. சென்ற இடமெல்லாம் தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, குறிப்பெழுதினார். கனடியத் தாவரங்கள் பற்றிய அவரது பட்டியல் 1829இல் கியூபெக் அறிஞர் கழக வெளியீட்டில் அச்சேறியது. இந்தியாவில் திரட்டிய ஏறத்தாழ 1,200 மாதிரிகளை எடின்பரோ தாவரவியல் கழகத்துக்கு வழங்கினார். அக்கழகம் அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றிருந்தது. இதனை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நேர்மையன்று. பதவியும் செல்வமும் திறந்துவிட்ட வழி அது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

பிறகு அவர் ஏன் மறைந்தார்? விடையின் ஒரு பகுதி பெயரிடும் இலக்கணத்தில் உள்ளது. சிற்றினப் பெயரடையில் ஆணுக்கு ‘ஐ’ விகுதியும் பெண்ணுக்கு ‘ஏ’ விகுதியும் வரும், பால் வெளிப்படும். பேரினப் பெயரிலோ, சிறப்பிக்கப்படுபவர் ஆணாயினும் பெண்ணாயினும் வடிவம் பெண்பாலே. எனவே டல்ஹவுசியா என்னும் சொல்லில் ஒரு பெண்ணைக் காட்டும் தடயம் எதுவுமில்லை. எஞ்சுவது கணவரின் பட்டம்; அதையும் மகனின் புகழ் விழுங்கிவிட்டது.

1776இல் கல்கத்தாவில் மறைந்த தாவர ஆர்வலர் சீமாட்டி ஆன் மான்சனின் நினைவாக லின்னேயஸ் இட்ட மான்சோனியாவும் அத்தகையதே. அது அவருடைய இரண்டாம் கணவரின் குடும்பப் பெயர். உத்தராகண்டின் மாநிலப் பறவையான மோனலின் சிற்றினப் பெயர் இம்பெஜானஸ். கல்கத்தாவில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்து, பாட்னா ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரைவித்த மேரி இம்பேயைக் குறிக்கும் பெயரடை அது. பேரினப் பெயருக்கு இயைந்து அதுவும் ஆண்பால் விகுதி பெற்றுவிட்டது. ஓவியங்களிலேனும் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என வரைந்தோர் பெயர்கள் உள்ளன. சிம்லாவில் கோமகளுடன் மலையேறியோருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அறிவியற் பெயர்களை மாற்றக் கோருவதில் பொருளில்லை. முன்னுரிமை விதி அதற்கு இடந்தராது. பெயர்க்காரணக் குறிப்புகளைத் திருத்த எந்த விதியும் தடையில்லை. பல்கலைக்கழக உலர்தாவரக் கூடங்களிலும் பாடநூல்களிலும் ‘டல்ஹவுசி பிரபுவின் மனைவி’ என எழுதுவதை விடுத்து, ‘கிறிஸ்டியன் ராம்சே, 1786–1839, தாவரச் சேகரிப்பாளர்’ என எழுதலாம். அதற்கு ஒரு வரி போதும்.