கப்பல் மிதந்தால் சாதனை, வெல்டர் செத்தால் கவனக்குறைவா?



தூத்துக்குடிக்குக் கப்பல் கட்டும் தளங்கள் வருது. கொச்சி கப்பல் தளமும் மசகான் டாக்கும் ஆளுக்கு 15,000 கோடி ரூபாய் என்று 2025 செப்டம்பரில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அதே மாதம் ஒன்றிய அமைச்சரவை கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வரட்டும். நல்லா வரட்டும். நம்ம பிள்ளைங்க ஐடிஐ முடிச்சிட்டு, ஏஜென்ட் கையில் லட்சக்கணக்கில் கொடுத்து, டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஓடாம, ராத்திரி வீட்டுச் சாப்பாடு சாப்பிடுற தூரத்தில் வேலை கிடைச்சா யாருக்குக் கசக்கும்?

ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்தச் செய்திகளில் கோடி இருந்தது, கைகுலுக்கல் இருந்தது, வரைபடம் இருந்தது. இரும்பை இரும்போடு ஒட்டப் போகிற ஆள் மட்டும் இல்லை. அவர் எப்போ செய்தியில் வருவார் தெரியுமா? செத்த பிறகு. அதுவும் 'தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து' என்ற நாலு வரியில்.

அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முழுசா படிங்க.

வெல்டிங் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது தெருமுனை கேட் பட்டறை. அங்கே திறந்த வெளி, காத்து அடிக்கும், புகை போயிடும். கப்பல் அப்படி இல்லை. கப்பலின் அடிவயிறு முழுக்க அறை அறையாகத் தடுத்த இரும்புப் பெட்டிகள். டபுள் பாட்டம் டேங்க் என்பாங்க. உள்ளே போக ஒரு மேன்ஹோல், பெரும்பாலும் 400க்கு 600 மில்லிமீட்டர். அதாவது ஒன்றேகால் அடிக்கு இரண்டடி. கேபிளையும் ஹோல்டரையும் முகமூடியையும் முன்னால் தள்ளிவிட்டு, தோளை ஒருக்களிச்சு ஊர்ந்துதான் நுழையணும். உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. அடுத்த அறைக்கு இன்னொரு ஓட்டை. இப்படி மூணு நாலு ஓட்டை தாண்டி, ஒரு மூலையில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே ஓவர்ஹெட் அடிக்கணும். உருகின இரும்புத் துளி காலருக்குள் விழும். உதற முடியாது. கை ஆடினா ஜாயின்ட் கெடும், அல்ட்ராசோனிக் சோதனையில் மாட்டும், தோண்டி எடுத்து மறுபடி அடிக்கணும். திட்டு வாங்குவதும் அவரேதான்.

மே மாத வெயிலில் டெக் தகடு தோசைக்கல். கீழே டேங்குக்குள் இருப்பவர் வேர்வையில் தொப்பலா நனைஞ்சிருப்பார். சுத்தி நாலு பக்கமும் கரண்ட் கடத்துகிற இரும்பு. சாதாரண ஏசி வெல்டிங் மெஷினில் ஆர்க் இல்லாத நேரத்தில் ஹோல்டரில் நிற்கும் மின்னழுத்தம் 80 வோல்ட் வரை இருக்கும். காய்ந்த தரையில், காய்ந்த கையுறையோடு நிற்கிறவருக்கு அது ஒரு சுருக். ஈரச் சட்டையோடு இரும்புக்குள் படுத்திருக்கிறவருக்கு உயிர்.

கண்ணைப் பற்றித் தனியா சொல்லணும். ஆர்க் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கண்ணில் அடிச்சா அப்போ ஒண்ணும் தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி இருக்கும். நம்ம வீடுகளில் உருளைக்கிழங்கு வெட்டி வைப்பாங்க, பன்னீர் விடுவாங்க. காலையில் அதே சிவந்த கண்ணோடு மறுபடி ஷிப்ட். இதில் வெல்டருக்காவது கருப்புக் கண்ணாடி உண்டு. பக்கத்தில் தகட்டைப் பிடிக்கிற ஹெல்பர் பையனுக்கு? 'அந்தப் பக்கம் திரும்பிக்கோடா' என்பதுதான் அவனுக்குக் கொடுத்த பாதுகாப்புக் கருவி!

புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் வெல்டிங் புகையை முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே வகுப்பு. 'மைல்ட் ஸ்டீல் தானே, பரவாயில்லை' என்ற பேச்சு அதோடு முடிஞ்சுபோச்சு. பிரிட்டன் 2019இலேயே விதியை இறுக்கியது. உள்ளரங்கில் எந்த வெல்டிங் ஆனாலும் புகையைப் பிறக்கிற இடத்திலேயே உறிஞ்சி எடுக்கணும், சும்மா ஃபேன் வைத்தால் போதாது என்று சொன்னது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியம், துத்தநாகப் பூச்சுத் தகட்டில் அடிச்சா அன்னைக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல், மாங்கனீசு வருஷக்கணக்கில் ஏறினா நரம்பைப் பிடிச்சு கைநடுக்கம். நம்ம ஊர்ப் பட்டறைகளில் இதுக்கெல்லாம் என்ன மருந்து? வெல்லமும் வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும். பால் வயித்துக்குப் போகும் தோழர்களே, நுரையீரலுக்குப் போகாது. உறிஞ்சும் கருவிக்குப் பணம் செலவாகும், வெல்லம் மலிவு. அவ்வளவுதான் அந்த வைத்தியத்தின் ரகசியம்.

இதெல்லாம் மெல்லக் கொல்வது. இனி நொடியில் கொல்வதைப் பாருங்க.

ஆர்கான் வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, காத்தை விடக் கனம். ஹோஸ் கசிந்தால் டேங்கின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கும். நமக்கு வேண்டியது சுமார் 21 சதவீத ஆக்சிஜன். அது 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து. ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினா எச்சரிக்கை எதுவும் கிடையாது, மயங்கி விழுவதுதான். விழுந்தவரைப் பார்த்து நண்பன் உள்ளே குதிப்பான், அவனும் விழுவான். இப்படிப்பட்ட அடைத்த இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எழுதி வைத்தது. மலக்குழி மரணச் செய்திகளை வருஷா வருஷம் படிக்கிற நமக்கு இது புதுசு இல்லை. ஒருவரைத் தேடி இன்னொருவர், அவரைத் தேடி மூன்றாமவர். அதே கதைதான், குழிக்குப் பதில் கப்பல்.

ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து. சாப்பாட்டு நேரத்தில் கேஸ் கட்டிங் ஹோஸை டேங்குக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தா, கசியுற ஆக்சிஜனில் போட்டிருக்கும் சட்டையே திரியாகும். அசிட்டிலீன் கசிந்தால் கேட்கவே வேண்டாம். காத்தில் இரண்டரை சதவீதம் கலந்தாலே வெடிக்கும் வாயு அது. ஆகவே பழுதுபார்க்கும் தளத்தின் முதல் பாடம்: ஆள் வெளியே வந்தா ஹோஸும் வெளியே வரணும், மறுபடி உள்ளே போகுமுன் மீட்டர் வைத்துச் சோதிக்கணும்.

2018 பிப்ரவரி 13. கொச்சி கப்பல் தளத்தின் டிரை டாக். ஓஎன்ஜிசியின் 'சாகர் பூஷண்' துளையிடும் கப்பல் பழுதுபார்க்க நிற்கிறது. காலையில் வேலை தொடங்கும் நேரம், உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்தது. 5 பேர் இறந்தாங்க. யார் குற்றம் என்று இங்கே நாம் தீர்ப்பு எழுதவில்லை. ஒரே ஒரு கேள்விதான். ராத்திரி தேங்கின வாயு, காலையில் முதல் ஆள் கால் வைக்குமுன் ஒரு மீட்டரில் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த மீட்டரைப் பிடிப்பது வெல்டரின் வேலையா, நிர்வாகத்தின் வேலையா?

இன்னும் பின்னால் போவோம். 1978 அக்டோபர் 12, சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் தளம். 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல். மதியச் சாப்பாடு முடிச்சு ஆட்கள் வேலைக்குத் திரும்புறாங்க. கட்டிங் டார்ச்சின் பொறி எரிபொருள் டேங்கின் ஆவியைப் பற்றவைத்தது. 76 பேர். எரிபொருளோடு கச்சா எண்ணெய் கலந்திருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. டார்ச்சைப் பிடிச்சிருந்தவருக்கு டேங்குக்குள் என்ன கலந்திருக்கு என்று எப்படித் தெரியும்? அவர் எவ்வளவு 'கவனமா' இருந்தா அது தெரிந்திருக்கும்?

அதே சிங்கப்பூரில் 2004 மே 29 அன்று 'அல்முதைனா' என்ற கப்பலில் தீப்பிடித்து 7 பேர் இறந்தாங்க. அதற்கு முந்தைய சில வாரங்களில் நிக்கல் ஹைவே சரிவு உட்பட வேறு கட்டுமான மரணங்களும் நடந்தன. அதன் பிறகுதான் அங்கே பழைய தொழிற்சாலைச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 2006இல் புதுச் சட்டம் கொண்டுவந்தாங்க. நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 5 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், தனிநபருக்குச் சிறை. சிங்கப்பூர் தொழிலாளிகளின் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே நம்ம ஆட்கள் படுகிற பாட்டைத் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கலாம். ஆனா சாவுக்கு விலை ஏறியதும் முதலாளிகளின் 'கவனம்' கூடியது. அதை மட்டும் குறிச்சுக்கோங்க.

நம்ம நாட்டில் சட்டமே இல்லையா? இருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம். கப்பல் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் உடைப்பதும் அதற்குள் வரும். பிரிவு 36 என்ன சொன்னது? ஆபத்தான வாயு இருக்கக்கூடிய டேங்குக்குள், தகுதியான ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று கொடுத்திருக்கணும். இல்லைன்னா உள்ளே போகிறவர் சுவாசக் கருவி போட்டு, இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒரு ஆள் பிடிச்சிருக்கணும். பிரிவு 37, எரியும் பொருள் இருந்த டேங்கில் அதை அகற்றாமல் வெல்டிங்கோ கட்டிங்கோ கூடாது என்றது. எழுபது வருஷத்துக்கு மேலாக எழுத்தில் இருந்த சட்டம்! இதில் எந்த வரியில் 'தொழிலாளியே கவனமா பார்த்துக்கணும்' என்று இருக்கு?

நடைமுறை என்ன? ஹாட் ஒர்க் பெர்மிட் காலையில் மொத்தமாக் கையெழுத்தாகும். மீட்டர் மேன்ஹோல் வாசலில் பிடிக்கப்படும், மூணு ஓட்டை தாண்டின மூலையில் அல்ல. வெளியே காவலுக்கு நிற்க வேண்டிய ஹோல் வாட்சை 'சும்மாதானே நிக்கிற, அந்த ராடு கட்டைத் தூக்கிட்டு வா' என்று அனுப்பிடுவாங்க. தடுப்புச் சுவரின் மறுபக்கம் பெயின்ட் பற்றுதா என்று பார்க்க வேண்டிய ஃபயர் வாட்சுக்கும் அதே கதி. எல்லாத் தளத்திலும் எல்லா நாளும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனா டெலிவரி தேதி நெருங்கும் வாரத்தில் எப்படி இருக்கும் என்று தளத்தில் வேலை பார்த்த எந்தத் தோழரையும் கேட்டுப் பாருங்க.

ஏன் கேட்க முடியலை? ஏன்னா கேட்கிற ஆள் தளத்தின் ஊழியர் இல்லை. தளம் ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும், அவர் உள் ஒப்பந்ததாரருக்கு, அவர் ஒரு மேஸ்திரிக்கு. வெல்டர் நாலாவது படியில். 'சோதிக்காம உள்ளே போகமாட்டேன்' என்று அவர் சொன்னா, நாளைக்கு அவருக்கு கேட் பாஸ் இருக்காது. ராமநாதபுரத்துக்காரர் ஆனாலும் ஒடிசாக்காரர் ஆனாலும் இதுதான் நிலைமை.

இப்போ வாங்க, 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு அமலுக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கு. உயிர் போனால் பழைய சட்டத்தில் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய், புதுசில் 5 லட்சம். கூடியிருக்கு, மறுக்கவில்லை. மிச்சத்தையும் படிங்க. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் வைத்திருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்த ஒப்பந்ததாரர், இனி 50 பேர் இருந்தால்தான் வருவார். 49 பேரோடு நிறுத்திக்கொள்ளும் கணக்கு எந்த மேஸ்திரிக்குத் தெரியாது? 'மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது' என்று ஒரு பிரிவு எழுதிட்டு, கீழேயே மூணு விதிவிலக்கு. அதில் ஒண்ணு: அந்த வேலை வழக்கமாகவே ஒப்பந்தத்தில் நடந்தால் பரவாயில்லையாம்! கப்பல் தளத்தில் வெல்டிங்கை விட மையப் பணி எது அய்யா? முப்பது வருஷமா ஒப்பந்தத்தில் விட்டதே இனிமேலும் விடுவதற்கு உரிமைச் சீட்டா? பிரிவு 36 மாதிரி நாடாளுமன்றம் வரிவரியாக எழுதிய பாதுகாப்பு விவரங்கள் இனி அரசு அறிவிக்கும் தரநிலைகளுக்கும் விதிகளுக்கும் போய்விட்டன. சட்டத்தைத் திருத்த விவாதம் வேணும். அறிவிக்கையைத் திருத்த ஒரு கையெழுத்து போதும்.

இதைச் சொன்னா உடனே கமெண்டில் வருவாங்க, 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்று. தளம் வேணும் என்று முதல் பத்தியிலேயே சொல்லியாச்சு. 30,000 கோடியில் அஸ்திவாரம் போடும்போதே புகை உறிஞ்சும் குழாயையும் போடுங்க என்கிறோம். வெல்டர்களைத் தளமே நேரடியா வேலைக்கு எடுக்கட்டும். ஒவ்வொரு மேன்ஹோல் வாசலிலும் ஆக்சிஜன் அளவும் சோதித்த நேரமும் சோதித்தவர் பெயரும் தமிழிலும் இந்தியிலும் பலகையில் எழுதியிருக்கணும். ஹோல் வாட்சை இடத்தை விட்டு நகர்த்தின சூப்பர்வைசர் மேல் நடவடிக்கை வேணும். வருஷம் ஒருமுறை நுரையீரல் சோதனை நடத்தி, அறிக்கையைத் தொழிலாளி கையிலேயே கொடுக்கணும். 'போகமாட்டேன்' என்று சொன்ன வெல்டரின் கேட் பாஸை யாரும் தொடக்கூடாது. ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே தமிழ்நாடு அரசு இதை நிபந்தனையாக வைக்கலாம். இப்போ விட்டா, கிரேன் நின்ற பிறகு யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

உங்களிடம் இரண்டு வேலை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு செய்தி வந்தா அப்படியே கடந்து போகாதீங்க. கீழே கேளுங்க: வாயுச் சோதனைச் சான்று எங்கே? கையெழுத்து யாருடையது? எத்தனை மணிக்கு? அப்புறம், காட்டுப்பள்ளியோ கொச்சியோ விசாகப்பட்டினமோ சிங்கப்பூரோ, தளத்தில் வேலை பார்க்கிற, பார்த்த தோழர்கள் நம்ம பக்கத்தின் இன்பாக்ஸில் எழுதுங்க. பெர்மிட் எப்படிக் கையெழுத்தாச்சு, முகமூடி யார் காசு, ப்ளோயர் ஓடிச்சா நின்னுச்சா, எல்லாம். பெயர் வெளியே வராது.

#கவனக்குறைவு_யாருடையது
#வெல்டர்_உயிர்