பட்ட மரமும் ஒரு வீடுதான்

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்றுகளை நட்டுவிடலாம் என்று நாம் எளிதாகச் சமாதானம் அடைந்துவிடுகிறோம். ஆஸ்திரேலியக் காடுகளைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்று எனக்குப் புரிந்தது.

அங்கு ஏறத்தாழ 300 வகை முதுகெலும்புள்ள உயிரினங்கள் மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. காக்கட்டூக் கிளி, ஆந்தை, போசம் எனப் பலவும் அங்குதான் குஞ்சு பொரிக்கின்றன, குட்டி வளர்க்கின்றன. நம் நாட்டில் மரங்கொத்தி பொந்து குடைந்து கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. கிளை முறிந்த இடத்தைப் பூஞ்சையும் கறையானும் மெல்ல அரித்தால்தான் பொந்து உருவாகும். யூகலிப்டஸ் மரத்தில் அதற்கு 100 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

விக்டோரியா மாநிலத்தின் லெட்பீட்டர் போசம் இதற்குச் சான்று. மரம் வெட்டுதலும் 2009ஆம் ஆண்டுக் காட்டுத்தீயும் அதன் வாழிடத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டன. அம்மாநில அரசு இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை நிறுத்தியது 2024ஆம் ஆண்டில்தான்.

மரப்பெட்டிக் கூடுகளைப் பொருத்தினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால், மெல்லிய பலகை கோடையில் கொதிக்கும். சில ஆண்டுகளில் உளுத்தும் போகும்.

கன்று நடுவோம். ஆனால், அதில் பொந்து விழும்போது நாம் இருக்கமாட்டோம். அதுவரை அந்த உயிர்கள் எங்கே போகும்? முதிர்ந்த மரங்களையும் பட்ட மரங்களையும் நிற்கவிடுவதே முதல் கடமை.