திருநள்ளாறுக்கு நாசா சான்றிதழ் எதுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, கோபப்படாம கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

சனிப்பெயர்ச்சி நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பிடும். திருநள்ளாறுக்கு மேலே போகும்போது செயற்கைக்கோள் எல்லாம் 3 விநாடி நின்னுடுதாம், நாசாவே அசந்து போச்சாம். நம்மில் நல்லா படிச்சவங்கதான் இதை அதிகமா அனுப்புறாங்க, அதுதான் வேடிக்கை.

செயற்கைக்கோள் நிற்காது. தாழ்வான பாதையில் போவது ஏறக்குறைய 90 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. நின்றால் கீழே விழும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிற வகை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கிறது. திருநள்ளாறு அந்த ரேகைக்கு வெகு வடக்கே. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கைப்பேசியில் தேடி ஒரு நிமிடத்தில் இதைக் கண்டுபிடிச்சிடும். அதுக்கப்புறம்? "இது பொய்னா திருநீறும் பொய்யா, தேவாரமும் பொய்யா?" என்று கேட்கும். தேவார வகுப்பில் பதில் சொல்ல வேண்டியது தொண்டூழியர்களாகிய நாங்கள்தான், ஃபார்வர்ட் பண்ணினவர் இல்லை.

"அறிவியல்னு சொன்னாத்தானே இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேட்குது" என்கிறார்கள். சாமி கும்பிடவே நாசாவோட அனுமதி வேணும்னு நினைக்கிறவருக்குத்தான் நம்பிக்கை குறைவுன்னு நாங்க சொல்றோம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி தூக்குறவர், மூளை அலை ஆராய்ச்சி படிச்சுட்டா நடக்கிறார்? நேர்த்திக்கடன். நடக்கிறார்.

பெருமைப்பட நிஜமான விஷயம் இல்லையா என்ன? சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. 12 ராசிக்கும் பங்கிட்டால் ராசிக்கு சுமார் 2½ ஆண்டு. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதிய கணக்கு அது. அந்தக் கிரகம் நம்ம வாழ்க்கையை ஆட்டி வைக்குமா என்பது வேறு கேள்வி. அது நம்பிக்கை, நம்பிக்கைன்னே சொல்லிட்டுப் போவோமே, என்ன வெட்கம்?

இன்னொண்ணு. திருநள்ளாறு தேவார மூவரும் பாடிய சிவத்தலம். மூலவர் தர்ப்பாரண்யேசுவரர். எத்தனை ஃபார்வர்டில் அந்தப் பேர் வந்திருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.

இனிமேல் கோயில் குழுவில் அந்தச் செய்தி வந்தால் அழிச்சிடுவோம். மணியோசை 7 சக்கரத்தையும் திறக்குதுன்னு வர்றதும் சேர்த்துத்தான். திட்டணும்னா சனிக்கிழமை நவக்கிரக சன்னதி பக்கம் வாங்க, எள் தீபம் கொடுத்துக்கிட்டு அங்கதான் நிற்போம்.