ரசிகர் கேட்கும் முடிவா? கதை கேட்கும் முடிவா?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் உள்ள சியாட்டில் நகரில் ஒரு மாநாடு நடந்தது. விஞ்ஞானக் கதைகளையும் மாயாஜாலக் கதைகளையும் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஆண்டுதோறும் கூடும் உலக மாநாடு அது.

மேடையில் எழுத்தாளர்கள் சிலர் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்.

வாசகர்கள் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. ஒருவர் எழுந்தார். மார்ட்டின் இன்னும் அதிக காலம் இருக்கப் போவதில்லை என்றார். அவருடைய கதையை வேறோர் எழுத்தாளர் முடித்து வைத்தால் என்ன என்று கேட்டார்.

கூட்டத்தினருக்கு ஆத்திரம் வந்தது. கூச்சல் போட்டுக் கண்டித்தார்கள்.

ஒரு மனிதரை நேரில் பார்த்து அவருடைய சாவைப் பற்றிக் கேட்பது பண்பாகாது. ஆனாலும், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. கதை சொல்பவரிடம் கதை கேட்பவர் எதை எதிர்பார்க்கலாம்? எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம்? இதுதான் அந்த வழக்கு.

யார் இந்த மார்ட்டின்?

மார்ட்டின் 1948-ம் ஆண்டு நியூஜெர்சி மாகாணத்தில் பேயோன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை துறைமுகத் தொழிலாளி. எளிய குடும்பம்.

சிறுவனாக இருந்தபோதே அவர் பேய், பூதக் கதைகளை எழுதினார். அவற்றை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில்லறைக் காசுக்கு விற்றார். கதையைத் தாமே உரக்கப் படித்தும் காட்டினார். கதை கேட்ட பையன் ஒருவன் இரவில் கெட்ட கனவு கண்டு அலறத் தொடங்கினான். அவனுடைய தாய் வந்து முறையிட்டாள். வியாபாரம் அத்தோடு நின்றது.

ரசிகர்களின் கோபம் என்பது அவருக்கு அந்த வயதிலேயே பழக்கமாகிவிட்டது!

பெரியவரான பிறகு அவர் டெலிவிஷன் நாடகங்களுக்கு எழுதினார். அங்கே ஒரு தொல்லை. பெரிய போர், பெரிய கோட்டை என்று எழுதினால், அதற்குப் பணம் போதாது, குறைத்து எழுதுங்கள் என்றார்கள். அவருக்கு அலுத்துவிட்டது. காகிதத்தில் எழுதினால் எத்தனை ஆயிரம் வீரர்களை வேண்டுமானாலும் காசு செலவில்லாமல் போருக்கு அனுப்பலாம் அல்லவா? 1991-ல் ஒரு பெரிய நாவலைத் தொடங்கினார்.

அதன் முதல் பாகம் 1996-ல் வெளிவந்தது. பெயர், "எ கேம் ஆப் திரோன்ஸ்". சிம்மாசனத்துக்காக நடக்கும் விளையாட்டு என்று பொருள். அரச குடும்பங்களின் சண்டை, சூழ்ச்சி, நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் டிராகன்கள் எல்லாம் அதில் உண்டு. மூன்று பாகங்களில் முடிப்பதாக நினைத்தார். கதை வளர்ந்தது. ஏழு பாகங்கள் வேண்டும் என்றார். 2011-ம் ஆண்டுக்குள் ஐந்து பாகங்கள் வந்தன.

கதாநாயகனின் தலை

இந்தக் கதைக்கு அவ்வளவு பெயர் ஏன்?

கதை படிக்கிறவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. கதாநாயகன் கஷ்டப்படுவான், ஆனால் சாகமாட்டான். கத்தி கழுத்துக்கு வந்தாலும் கடைசி நொடியில் யாராவது வந்து காப்பாற்றிவிடுவார்கள். இது தெரிந்துதான் நாம் படிக்கிறோம்.

மார்ட்டின் அந்தத் தைரியத்தைப் பறித்துக்கொண்டார். முதல் பாகத்தின் நாயகன் நெட் ஸ்டார்க், மிக நேர்மையான மனிதன். அவன் தலை வெட்டப்படுகிறது. யாரும் காப்பாற்ற வரவில்லை.

சரி, மூத்த மகன் ராப் பழி வாங்குவான் என்று வாசகர்கள் எண்ணினார்கள். மூன்றாம் பாகத்தில், ஒரு கல்யாண விருந்தில், அந்த மகனும் அவனுடைய தாயும் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறார்கள்.

ஏன் இப்படி? 2013-ல் மார்ட்டின் இதற்கு விளக்கம் சொன்னார். நெட் எப்படியாவது தப்புவான் என்று எல்லோரும் நினைப்பார்கள்; அதனால் அவன் சாக வேண்டியதாயிற்று. அடுத்து, மகன் பழி வாங்குவான் என்று நினைப்பார்கள். ஆகவே அவனும் சாக வேண்டியதாயிற்று. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதை எழுதுவது அவருக்கும் எளிதாக இல்லை. அந்தக் கல்யாண விருந்து அத்தியாயத்தை எழுத மனம் வராமல் தள்ளிப் போட்டார். மூன்றாம் பாகத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில்தான் அதை எழுதினார்.

நாயகனைக் கொன்ற எழுத்தாளரை வாசகர்கள் கைவிட்டார்களா? இல்லை. புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன.

ஆசை வேறு, நம்பிக்கை வேறு

இது ஒரு புதிர். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் மக்களுக்குக் கோபம் வர வேண்டும். இங்கே எப்படி மகிழ்ந்தார்கள்?

எதிர்பார்ப்பு இரண்டு வகை. ஒன்று ஆசை. "நல்லவன் பிழைக்க வேண்டும், காதலர்கள் சேர வேண்டும்" என்பது ஆசை. மற்றொன்று நம்பிக்கை. "இந்த ஆசிரியர் நம்மை ஏமாற்றமாட்டார், நடப்பதற்குக் காரணம் இருக்கும்" என்பது நம்பிக்கை.

நெட் ஸ்டார்க் செத்தபோது ஆசைதான் உடைந்தது. நம்பிக்கை உடையவில்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. சூதுக்காரர்கள் நிறைந்த அரண்மனையில் அவன் தன் திட்டத்தைத் தன் எதிரியிடமே போய்ச் சொல்கிறான். அவனுடைய நேர்மையே அவனுக்கு எமன் ஆகிறது. விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. முளைத்தபோதுதான் நாம் கண்டோம்.

கொலைகாரன் யார்?

இங்கே இன்னொரு சிக்கல் வந்தது. இன்டர்நெட் வந்த பிறகு வாசகர்கள் ஒருவரோடு ஒருவர் கூடிப் பேசுகிறார்கள். லட்சம் பேர் சேர்ந்து ஒரே கதையை ஆராய்கிறார்கள். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படுகிறது. வரப்போகும் பாகத்தின் ரகசியத்தைச் சிலர் முன்கூட்டியே சரியாக ஊகித்துவிடுகிறார்கள்.

அப்போது எழுத்தாளர் என்ன செய்வது? "கண்டுபிடித்துவிட்டார்களே, மாற்றிவிடுவோம்" என்று முடிவை மாற்றலாமா?

கூடாது என்பது மார்ட்டினின் கட்சி. அதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஒரு துப்பறியும் கதை. வேலைக்காரன்தான் கொலைகாரன் என்று தீர்மானித்து ஒருவர் எழுதி வருகிறார். அதற்கான தடயங்களையும் அங்கங்கே வைத்துவிட்டார். யாரோ ஊகித்துவிட்டார்கள் என்பதற்காகத் திடீரென்று வேலைக்காரிதான் கொலைகாரி என்று மாற்றினால் என்ன ஆகும்? முன்பு வைத்த தடயங்கள் எல்லாம் பொய்யாகும். கதை முழுவதும் பாழாகும்.

ஊகித்தவர்கள் சிலர். அவர்களை ஏமாற்றப் போய், நம்பிப் படித்த எல்லோரையும் ஏமாற்றுவதா என்பதுதான் விஷயம்.

15 லட்சம் கையெழுத்து

2011-ல் இந்தக் கதை டெலிவிஷனில் தொடராக வந்தது. உலகமெங்கும் பார்த்தார்கள். 2019-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அன்று ஒரு நாளில் மட்டும் அமெரிக்காவில் அதைப் பார்த்தவர்கள் 1 கோடியே 93 லட்சம் பேர்.

பார்த்தவர்களில் பலர் கொதித்து எழுந்தார்கள். கடைசிப் பருவத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் புறப்பட்டது. அதில் 15 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டில் அந்தத் தொடருக்கு மிகச் சிறந்த நாடகத் தொடர் என்ற எம்மி பரிசும் கிடைத்தது!

கோபத்துக்குக் காரணம் என்ன? அடிமைகளை விடுவித்த டெனேரிஸ் என்ற அரசி, கடைசியில் ஒரு நகரத்தையே டிராகனால் எரிக்கிறாள். பிறகு காதலன் கையாலேயே கொல்லப்படுகிறாள்.

அவள் அரியணை ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பலர். ஆனால், பலர் சொன்ன குறை வேறு. நல்லவள் கொடியவளாக மாறுவதை நம்பும்படி காட்ட நேரம் கொடுக்கவில்லை, அவசரமாக முடித்துவிட்டார்கள் என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் ஆறு பருவங்களிலும் பருவத்துக்கு 10 பகுதிகள் வந்தன. ஏழாம் பருவத்தில் 7. கடைசிப் பருவத்தில் ஆறே ஆறு.

நெட் ஸ்டார்க்கின் சாவை ஏற்றுக்கொண்ட ரசிகர்கள் டெனேரிஸின் சாவை ஏற்கவில்லை. ரசிகர்கள் அதே ரசிகர்கள்தான். முதலில் ஆசை மட்டும் உடைந்தது. பிறகு நம்பிக்கையும் உடைந்தது.

இத்தனை கூச்சலைக் கேட்டுப் புத்தகத்தின் முடிவை மாற்றுவீர்களா என்று மார்ட்டினிடம் அதே ஆண்டு கேட்டார்கள். மாற்றமாட்டேன் என்றார். எல்லோரையும் திருப்தி செய்ய முடியாது, தம் மனத்துக்குச் சரி என்று பட்டதைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் பதில்.

வராத புத்தகம்

பதில் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால், மாற்றாத அந்த முடிவு எங்கே?

ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. ஆறாம் பாகத்தை 2015-ம் ஆண்டு இறுதிக்குள் முடிக்க முயன்றார். முடியவில்லை என்று 2016 ஜனவரியில் அவரே அறிவித்தார். 2022-ல் சுமார் 1,100 பக்கங்கள் எழுதியாகிவிட்டது என்றார். 2025-லும் புத்தகம் வரவில்லை. அதற்குப் பிறகு ஏழாம் பாகம் வேறு இருக்கிறது. முதல் பாகத்தை இருபது வயதில் படித்தவருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது.

வாசகர்களின் பயம் வீண் பயம் அல்ல. ராபர்ட் ஜோர்டான் என்ற மற்றொரு மாயாஜாலக் கதை ஆசிரியர், தம் நீண்ட தொடரை முடிக்காமலே 2007-ல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளர் அதை எழுதி 2013-ல் முடித்தார்.

வாசகர் பக்கம் நியாயம் இருக்கிறது. "தொடரும்" என்று போட்டுக் காசு வாங்கிய கதை அது. எழுத்தாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாசகர் காசு கொடுத்தது வந்த ஐந்து பாகங்களுக்கு. அவை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மனத்தில் ஊற வேண்டிய கதையை அதட்டி வாங்க முடியாது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை டெலிவிஷன் தொடரே காட்டிவிட்டது.

செத்தவர் எழுந்து வந்த கதை

ரசிகர்கள் வென்ற வழக்கும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில், துப்பறியும் ஷெர்லாக் ஹோம்சைப் படைத்தார். சரித்திர நாவல்கள் எழுதவே அவருக்கு ஆசை. ஹோம்ஸ் அதற்கு இடைஞ்சலாக இருந்தார். 1893-ல் அவரை ஓர் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் கொதித்தார்கள். ஆசிரியரைத் திட்டிக் கடிதங்கள் வந்தன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1903-ல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். வாசகர்கள் கொண்டாடினார்கள். காரணம் இருந்தது. அருவியில் ஹோம்சின் பிணம் கிடைத்ததாக டாயில் எழுதியிருக்கவில்லை. திரும்பி வர ஒரு சிறு வாசல் கதையிலேயே திறந்திருந்தது.

ரசிகரின் ஆசையை நிறைவேற்றுவது பாவம் அல்ல. கதை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

'உம்' கொட்டும் உரிமை

பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். கேட்பவர் இல்லாமல் கதை இல்லை. கதைக்குக் கேட்பவர் செலுத்தும் கூலி அந்த 'உம்'தான்.

பிடிக்காவிட்டால் 'உம்' கொட்டாமல் இருக்கலாம். நன்றாக இல்லை என்று வாய்விட்டுச் சொல்லலாம். புத்தகத்தை மூடலாம். டெலிவிஷனை அணைக்கலாம். இவை எல்லாம் கேட்பவரின் உரிமை. "ராஜகுமாரி சாகக்கூடாது" என்று பேரன் அழவும் செய்யலாம். ராஜகுமாரி பிழைப்பதா சாவதா என்பதை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட வேண்டும்.

பாட்டிக்கும் ஒரு கடமை உண்டு. தொடக்கத்தில் சொன்னதை நடுவில் மறக்கக்கூடாது. தூக்கம் வருகிறது என்று நான்கு வரியில் முடிக்கக்கூடாது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றால் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

வாசகரின் ஆசைக்கு எழுத்தாளர் அடிமை அல்ல. வாசகரின் நம்பிக்கைக்கு அவர் கடன்பட்டவர். மார்ட்டின் அந்தக் கடனில் பாதிக்கு மேல் அடைத்துவிட்டார். மீதி இரண்டு பாகங்கள் பாக்கி.