திரைக்களத்துப் பந்தாட்டமும் ஜயத்தின் நெறியும்

விளையாட்டைப் பற்றி, அதிலும் வெயிலும் புழுதியும் படாத திரை விளையாட்டைப் பற்றி, கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுதல் ஆசிரியர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். ஆயினும் விடுதியில் நள்ளிரவிலும் விளக்கணையாத அறைகள் பல உள. அவற்றுட் சிலவற்றில் விளக்கெரிவது பாடப்புத்தகத்தின் பொருட்டன்று என்பதை யாவரும் அறிவர். உள்ளதை இல்லையென்று மறைப்பதினும், அதனை நன்முறையிற் செய்வது எங்ஙனம் என்று ஆராய்தல் மேல். ஆதலின், அமெரிக்கக் காற்பந்தாட்டத்தைத் திரையில், முகமறியாத எதிரியோடு, இணையத்தின் வாயிலாக ஆடுவோர்க்குப் பயன்படும் சில உபாயங்களை ஈண்டுக் கூறத் துணிந்தோம். எம் கருத்து இது: குறுக்கு வழியால் வரும் ஜயம் ஆடுவோனை வளர்ப்பதில்லை, ஆட்டத்தை அறிதலே நிலைத்த உபாயம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைக் கூறுவோம். பெயர் காற்பந்தாயினும் இதிற் பந்தைக் கால் தீண்டுவது அருமை. பக்கத்துக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 கெஜம். இரு முனையிலும் 10 கெஜ அளவுள்ள எல்லைப்பகுதி உண்டு. பந்துடைய கட்சியார் ‘டவுன்’ எனப்படும் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறல் வேண்டும். முன்னேறின் மீண்டும் நான்கு முயற்சி கிடைக்கும். தவறின் பந்து எதிரியைச் சேரும். எல்லைப்பகுதிக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பின் 6 புள்ளி. கம்பங்களுக்கிடையே உதைத்தனுப்பின் 3. ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் இரு கட்சியாரும் தத்தம் ஏற்பாட்டை மறைவாகத் தெரிந்தெடுத்து, அணிவகுத்து நின்று, பின்னரே மோதுவர். ஆகவே இது சதுரங்கமும் மற்போரும் கலந்ததோர் ஆட்டம் எனலாம்.

இதனைத் திரைக்குக் கொணர்ந்தவற்றுள் தலையாயது, ஜான் மேடன் என்னும் பயிற்சியாளர் பெயரால் வழங்குவது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கட்சியைப் பயிற்றி, 1977 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஜயங்கொண்டவர் அவர். அக்காலக் கணினியின் சிறுமை கருதிப் பக்கத்துக்கு 11 பேரினுங் குறைத்து ஆட்டத்தை அமைக்க எண்ணியபோது, அங்ஙனமாயின் அஃது உண்மை ஆட்டமாகாதென்று அவர் மறுத்தனர். அதனால் வேலை நீடித்து, 1988-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. தொலைவிலுள்ளாரோடு ஆடும் வசதி 2002-இல் வந்த பதிப்பில் உண்டாயிற்று. மேடன் 2021 டிசம்பரிற் காலமாயினர். ஆட்டம் உண்மைக்கு ஒத்திருத்தல் வேண்டுமென்ற அவரது பிடிவாதமே எம் வாதத்துக்கும் அடிப்படை. என்னை? களத்தின் அறிவு திரையிலும் பயன்படுவது அதனாலன்றோ?

இனி உபாயங்களுக்கு வருவோம். முதலாவது, பந்து எழுமுன் பார்த்தல். புதியோன் தன் வீரரையே பார்த்திருப்பான். தேர்ந்தோன் எதிரியின் பின்னணியைப் பார்ப்பான். பின்னே ‘சேஃப்டி’ எனப்படும் காவலர் இருவர் விலகி நிற்பரேல், முன்னணியில் ஆள் குறைவென்பது பெரும்பாலும் மெய். அப்பொழுது பந்தை ஏந்தி ஓடுதல் நன்று. எதிரி ஆளுக்கு ஆள் காவல் செய்கின்றானா, இடத்துக்கு ஆள் நிறுத்திக் காவல் செய்கின்றானா என்பதை அறிய வேண்டின், பந்து எழுமுன் ஒரு வீரனைக் குறுக்கே நடத்திப் பார்க்க. அவனைப் பின்தொடர்ந்து ஒரு காவலன் களங் கடந்து வருவானாயின் முன்னது. வாராது நிற்பானாயின் பெரும்பாலும் பின்னது. முன்னதற்குக் குறுக்கே பாயும் ஓட்டம் மருந்து. பின்னதற்குக் காவலர் இருவர்க்கிடைப்பட்ட வெற்றிடத்திற் சென்று நிற்றலே மருந்து. எதிரியும் இதனை அறிந்து வேடம் புனைவான் என்பதை மறவற்க.

இரண்டாவது, எண்ணிப் பார்த்தல். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் மேற் பலரை ஒருங்கே ஏவுதலைப் ‘பிளிட்ஸ்’ என்பர். இளைஞர்க்கு இதன்மேற் பெருங் காதல். ஆயின் கணக்கை நோக்குக: நால்வரை ஏவினாற் காக்க எழுவர் உளர், அறுவரை ஏவினால் ஐவரே எஞ்சுவர். பந்து பிடிக்க உரிமையுடைய எதிரிகளும் ஐவர். எனவே ஒவ்வொரு காவலனும் துணையின்றித் தனித்து நிற்கின்றான். ஒருவன் வழுக்கி வீழின் 6 புள்ளி போயிற்று. பிளிட்ஸ் எப்போதோ ஒருகால் வந்தால் இடி. எப்போதும் வந்தால் எதிரிக்கு விருந்து.

மூன்றாவது, மாற்றி ஆடுதல். இயந்திரம் இயக்கும் வீரர்க்குச் சில குறைகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்து ஒரே ஏற்பாட்டைத் திரும்பத் திரும்ப ஏவி ஜயிப்போர் பலர். இவ்வழக்கத்தையே யாம் முக்கியமாய்க் கண்டிக்கின்றோம். அறத்தின் பெயரால் மட்டுமன்று. அறிவின் பெயராலுங் கண்டிக்கின்றோம். ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை 1928-இல் நிறுவிய தேற்றத்தினின்று பெறப்படுவது யாதெனின், ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதாயுள்ள ஆட்டத்திற் பல உபாயங்களைத் தக்க விகிதத்தில், எதிரி முன்னறியாதவாறு கலந்து ஆடுதலே பெரும்பாலும் காப்பு என்பதாம். ஓடுவதுபோற் காட்டிப் பந்தை வீசும் தந்திரம் பலிப்பது, முன்னர் உண்மையாகவே ஓடியிருந்தாலன்றோ? ஒரே ஏற்பாட்டை நம்பியவனுக்கு, அதனை அறிந்த எதிரி வரும் நாளில், வேறொன்றுந் தெரியாது. அன்றியும் மறு பதிப்பில் அக்குறை நீக்கப்படின், அவன் கற்றது முழுதும் பாழ்.

நான்காவது, நான்காம் டவுன். 2006-இல் டேவிட் ரோமர் என்னும் பொருளாதார அறிஞர் தொழின்முறை ஆட்டங்களை ஆராய்ந்து, பயிற்சியாளர் வேண்டிய அளவினும் மிகுதியாய் அஞ்சிப் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுகின்றனர் என்று காட்டினர். இதனை அரைகுறையாய்க் கேட்ட திரைவீரர் பலர் எவ்விடத்தும் எப்பொழுதும் துணிகின்றனர். எதிரியின் பகுதியில், ஒரு கெஜமே வேண்டியிருப்பின், துணிவு நன்று. தன் எல்லைக்கு 20 கெஜ தூரத்தில் நின்று துணிந்து தவறுவானேல், எதிரியின் வாயிற் கவளத்தை ஊட்டியவனே ஆவான்.

ஐந்தாவது, கடிகாரம். ஜயம் கையிலிருக்கும்போது அதனைக் காத்தல் தனிக் கலை. 1978 நவம்பர் 19-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கட்சியார் 17-க்கு 12 என முந்தியிருந்தனர். அரை நிமிஷ அளவே எஞ்சியிருந்தது. பந்துடையான் முழந்தாளிட்டிருப்பின் ஆட்டம் முடிந்திருக்கும். அவர்களோ பந்தைக் கைமாற்றப் புகுந்து நழுவவிட்டனர்; பிலடெல்பியா ஈகிள்ஸ் வீரர் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதனை எடுத்தோடி 19-க்கு 17 என ஆட்டத்தைப் பறித்தனர். 2017 பிப்ரவரியிற் சூப்பர் பௌல் ஆட்டத்தில் 28-க்கு 3 என முந்தியிருந்த அட்லாண்டா பால்கன்ஸ் கட்சியாரும், 28-க்கு 20 என நின்ற வேளையில், மூன்று புள்ளிக்கு உதைக்கத்தக்க தூரத்திலிருந்து வீசமுயன்று பின்தள்ளப்பட்டனர். முடிவில் 34-க்கு 28 எனத் தோற்றனர். நியூ இங்கிலாந்து கட்சிக்கே கோப்பை போயிற்று. பேரறிஞர்க்கே இவ்வாறாயின், விரல்நுனி துடிக்கும் இளைஞர்க்குச் சொல்லல் வேண்டுமோ? முந்தியிருப்பவன் களத்துள்ளேயே வீழ்க, காலத்தை ஓடவிடுக.

நிற்க. உபாயங்களினும் முக்கியமானதொன்று உளது. தோற்கும் நிலை வந்ததும் இணைப்பைத் துண்டித்து ஓடிப்போகும் வழக்கத்தையே குறிக்கின்றோம். யாமும் ஒருமுறை அக்குற்றம் புரிந்தோம். மூன்று நிமிஷம் எஞ்சியிருக்க, 20 புள்ளி பின்தங்கிய வெட்கத்தால் கருவியை அணைத்தோம். மறுநாள் எதிரியிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்திருந்தது: தாம் இரவு வேலை முடிந்து ஆட வாய்த்த ஆட்டம் அஃது ஒன்றே என்றும், அதனை முடிக்கவேனும் விட்டிருக்கலாம் என்றும். அதில் வசைமொழி ஒன்றுமில்லை. அதனாலேயே எமக்கு நாணம் மிகுந்தது. திரைக்கப்பால் இருந்தவர் ஒரு மனிதர் என்பதை அன்றே உணர்ந்தோம். தோல்வியின் கடைசி மூன்று நிமிஷத்தில் எதிரி எங்ஙனம் காத்தான் என்று பார்த்திருப்பின், மேற்கூறிய ஐந்தாம் உபாயத்தை அவரிடமே இலவசமாய்க் கற்றிருப்போம்.

சிறந்த வீரரின் சீட்டுகளைப் பணங்கொடுத்து வாங்கும் பகுதியும் இவ்வாட்டத்தில் உண்டு. தந்தையார் அனுப்பும் பணத்தை அதிற் செலவிடுவோர்க்கு யாம் கூறுவது சிறிதே: சீட்டு அடுத்த பதிப்பிற் பயன்படாது, கற்ற கண் பயன்படும்.

ஆகவே நண்பர்காள், ஆடுவதாயின் அளவறிந்து ஆடுக. எதிரியைப் படித்து ஆடுக. முந்தியபோது அடக்கமும், பிந்தியபோது பொறுமையுங் கொண்டு, இறுதிவரை இருந்து ஆடுக. பின்னர் விளக்கை அணைத்து உறங்குக. காலையில் வகுப்பு உண்டு.