தீவுப் பிள்ளைகளுக்கும் வானம் உண்டு

 

பிறை பார்க்கும் அந்தி நேரம் நம் வீடுகளில் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிறுவர் முதல் பெரியவர் வரை மேற்குத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்போம். அப்போது பக்கத்தில் நிற்கும் மகள், "உம்மா, பிறை ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைந்துவிட்டது? நாளைக்கு மட்டும் ஏன் கூட நேரம் நிற்கும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? "அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஆனால் அவள் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. வானியலின் முதற் பாடமே அதுதான். அந்தப் பாடத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

நகரத்துப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் உள்ள பாடசாலை கிடைக்கலாம். டியூஷன் வகுப்பும் கிடைக்கலாம். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊர்காவற்றுறைக்காவது தரைப்பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமளவு கடற்பயணம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் சிலருக்கு இத்தீவுகள் உம்மம்மா பிறந்த மண்ணும்கூட.

இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. அப்பிரிவு இல்லாத ஒரு சிறிய தீவுப் பாடசாலையில் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளை, பௌதிகவியல் படிக்க விரும்பினால் வீட்டை விட்டு நகரத்தில் தங்கித்தான் படிக்க வேண்டும். மகனை அனுப்பச் சம்மதிக்கும் வீடு, மகளை அனுப்பத் தயங்குகிறது. "கலைப் பிரிவு போதும் மகளே" என்ற ஒரே வார்த்தையில் ஒரு பிள்ளையின் ஆசை முடிந்துவிடுகிறது. இதில் வாப்பாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வார்த்தையை அதிகம் சொல்பவர்கள் நாம்தான்.

ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் ஆய்வுகூடத்தின் வேலையைக் கொஞ்சமாவது செய்யக்கூடிய மலிவான கம்ப்யூட்டர்கள் இன்று இருக்கின்றன. 2012 பெப்ரவரியில் இங்கிலாந்தில் 'ராஸ்பெரி பை' என்ற சிறிய கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அடையாள அட்டை அளவுதான் இருக்கும். அதன் அன்றைய விலை 35 டாலர். பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டுப் பழக வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார்கள். திரை, விசைப்பலகை, மௌஸ் ஆகியவற்றைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் அலுவலகங்களில் ஒதுக்கிப் போட்ட பழைய திரையே அதற்குப் போதும். ஃபோன் சார்ஜரைப் போன்ற 5 வோல்ட் மின்சாரத்தில் அது ஓடும்.

மின்சாரம் தீவுகளுக்குச் சின்ன விஷயமல்ல. தேசிய மின்கட்டமைப்போடு சேராமல் டீசல் எஞ்சின்களையே நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியா அதற்கு 11 மில்லியன் டாலர் நன்கொடை அறிவித்தது. எரிபொருளைப் படகில் ஏற்றிவர வேண்டிய ஊரில், சில வாட் மின்சாரத்தில் வேலை செய்யும் கருவிக்குத் தனி மதிப்பு உண்டல்லவா?

கருவி இருந்தால் போதுமா, பௌதிகவியலை எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். அதற்குப் பக்கத்து நாட்டில் வழி காட்டியிருக்கிறார்கள். புதுடில்லியில் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அணுமுடுக்கி ஆய்வு மையம் ஒன்று உண்டு. அங்கே அஜித்குமார் என்ற விஞ்ஞானி 'எக்ஸ்ப்ஐஸ்' என்ற சிறு பெட்டியை உருவாக்கினார். அதை ஒரு கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தால், ஆய்வுகூடத்துப் பெரிய மீட்டர்கள் செய்யும் அளவீடுகளில் பலவற்றை அதுவே செய்துவிடும். கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை விழவிட்டால், அந்தக் கணத்தில் பிறக்கும் மின்சாரம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதைத் திரையில் கோடாகக் காணலாம். புத்தகத்தில் நான்கு வரியாகக் கிடந்த பாடம் கண்முன் நடக்கிறது! இதன் வரைபடங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மென்பொருளும் இலவசம். இலவச லினக்ஸ் மென்பொருளைக் கொண்டே கம்ப்யூட்டர் கல்வி நடத்தும் கேரளத்தில், பாடசாலை ஆசிரியர்களுக்கு இப்பெட்டியில் பயிற்சியும் கொடுத்தார்கள்.

இனி வானத்துக்கு வருவோம். இலங்கையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஜப்பான் 1996இல் கொடுத்தது. ஆனால் அது இருப்பது மொறட்டுவைப் பக்கம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது மிகத் தொலைவு. அந்தப் பிள்ளையிடம் இருப்பதோ நகரத்து வெளிச்சம் கெடுக்காத இருண்ட வானம். அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இலவச மென்பொருள் 'ஸ்டெல்லேரியம்'. ஒருமுறை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். ஊரையும் நாளையும் கொடுத்தால் அந்த இடத்தின் வானத்தை அப்படியே காட்டும்.

ஒரு பாடம் சொல்கிறேன். இத்தீவுகளின் வானத்தில் பத்தாண்டுக்குள் இரண்டு வளையச் சூரிய கிரகணங்கள் தெரிந்தன. ஒன்று 2010 ஜனவரி 15, பகல் ஒன்றரை மணியளவில். வளையம் சுமார் 10 நிமிடம் நின்றது. மற்றது 2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணியளவில். வளையம் சுமார் 3 நிமிடம்தான். ஏன் இந்த வித்தியாசம்? பிள்ளைகள் இரண்டு நாட்களையும் திரையில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். 2010இல் சந்திரன் பூமிக்கு அதிக தூரத்தில் இருந்தது. அதனால் சிறியதாகத் தெரிந்தது, வளையம் தடித்தது, நீண்ட நேரம் நின்றது. 2019இல் அதைவிடக் கிட்ட இருந்ததால் வளையம் மெலிந்தது. கிரகணத் தொழுகைக்கு நின்ற அந்த நாளின் கணக்கு இவ்வளவு ஒழுங்கானது என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தால் அதை மறப்பாளா? உண்மையான சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.

பிறைக் கேள்விக்கும் அங்கே விடை உண்டு. சந்திரன் ஒவ்வொரு நாளும் சூரியனிலிருந்து ஏறத்தாழ 12 பாகை கிழக்கே விலகுகிறது. அதனால் சராசரியாக 50 நிமிடம் பிந்தி மறைகிறது. மத்ரஸாவில் அரபு படித்த பிள்ளைக்கு இன்னொரு மகிழ்ச்சியும் காத்திருக்கிறது. திரையில் 'ரிகல்' என்ற நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்தால் அது 'ரிஜ்ல்', கால் என்ற அரபுச் சொல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். 964ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் ஹலப் நகரில் அல்-இஜ்லிய்யா என்ற பெண்மணி, வானத்தைக் கணக்கிடும் அஸ்தர்லாப் கருவி செய்யும் தொழிலில் பெயர் பெற்றிருந்தார். அக்காலத்துக் கம்ப்யூட்டர் அதுதான் என்று சொல்லலாம்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெட்டியைக் கொடுத்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தென் அமெரிக்காவின் பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலிவு விலை லேப்டாப்களைப் பிள்ளைகளுக்கு வாங்கியது. 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் அதனால் கூடவில்லை என்று காட்டியது. சொல்லிக் கொடுக்க ஆசிரியரும், கேட்பதற்குக் கேள்வியும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் விளையாட்டுச் சாமான்தான்.

கேள்வியை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு மீற்றர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். போய்வருவதை ஒன்றாக எண்ணினால் 10 ஆட்டத்துக்கு 20 வினாடி ஆகும். கல்லை மாற்றினாலும் நேரம் மாறாது. நூலைக் கால் மீற்றராக்கினால் நேரம் பாதியாகும். ஏன் என்று பிள்ளை கேட்பாள். அந்தக் கேள்வியோடு அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவிடுங்கள்.

அதேபோல் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் பன்னிரண்டு பத்து அளவில் கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். மற்ற நாட்களில் நிழல் மிகக் குறுகி மறுபடி நீளத் தொடங்கும் நேரம் ளுஹர். உச்சி நிழலுக்கு மேல் கம்பின் உயரமளவு நீண்டால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். சுவரில் தொங்கும் தொழுகை அட்டவணை எப்படி வந்தது என்பது அவளுக்கு விளங்கும்.

கடைசியாக ஒன்று. பாடசாலையில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் மௌஸ் யார் கையில் இருக்கும்? பெரும்பாலும் பையன்கள் கையில். பெண்பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் சகோதரிகள் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இப்படியொரு மலிவு ஆய்வுகூடத்துக்கு வழி உண்டா? உண்டென்றால் பெண்பிள்ளைகளுக்கும் சமமான முறை கிடைக்குமா? வெளிநாட்டில் இருக்கும் உறவினர் என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், இந்த முறை இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த பிறைக்கு மகள் அதே கேள்வியைக் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். "வா மகளே, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் கிட்ட வரும்.