5-ஐ அழுத்தினால் 55 விழுகிறதா?



செமஸ்டர் தேர்வு நெருங்கினால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரே பரபரப்பு. ஹால் டிக்கெட், ஐடி கார்டு, இரண்டு பேனா எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம். கால்குலேட்டரை யார் பார்க்கிறோம்? அதில் ஒரு கீ ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் முதல் நாள் ராத்திரிதான் தெரிய வருகிறது.

சுத்தமாக வேலை செய்யாத கீயைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அழுந்தி, அரைகுறையாக மேலே வரும் கீதான் மோசம். 5-ஐ ஒருமுறை தட்டினால் 55 விழும். தேர்வு அவசரத்தில் அது கண்ணில் படாது. ஃபார்முலா சரி, ஸ்டெப் எல்லாம் சரி, விடை மட்டும் தப்பு. படித்த பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேதனை வேண்டும்?

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 123456789-ஐ 9-ஆல் பெருக்கி, 10-ஐக் கூட்டச் சொல்லுங்கள். விடை 1111111111 என்று பத்து ஒன்றுகளாக வர வேண்டும். எல்லா எண் கீகளும், பெருக்கல், கூட்டல், சமம் கீகளும் இந்த ஒரே கணக்கில் பரிசோதனை ஆகிவிடும். வேறு எண் வந்தால் எங்கோ ஒரு கீ தகராறு செய்கிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.988 வருகிறதா? கால்குலேட்டர் கெடவில்லை, டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் புதிது வாங்க ஓட வேண்டாம்.

இன்ஜினியரிங், பாலிடெக்னிக் பிள்ளைகள் கையில் அதிகம் பார்ப்பது கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைதான். இன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மூன்று நாள் வெயிலில் நின்ற காசு அது. ஒட்டிய ஒரு கீக்காக அதைத் தூக்கிப் போடலாமா?

உள்ளே பயப்பட ஒன்றுமில்லை. மேலே பிளாஸ்டிக் கீ. அதன் கீழே ரப்பர் ஷீட். ஒவ்வொரு கீக்கும் ஒரு சின்னக் குமிழ், அதன் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. அழுத்தும்போது அந்தப் பொட்டு சர்க்யூட் போர்டைத் தொடுகிறது. விட்டதும் குமிழ் கீயை மேலே தள்ளுகிறது. டீயோ ஜூஸோ சிந்தினால் அதிலுள்ள சர்க்கரை காய்ந்து கீயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிஸ்கட் தூளும் புழுதியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

நம் பக்கத்துப் புழுதி வேறு மாதிரி. அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும். சிமென்ட் தூள் ஈரம் பட்டால் இறுகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். முதலில் கவிழ்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டி, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கீகளின் இடுக்கைத் தட்டிவிடுங்கள்.

அடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ஐபிஏ என்று வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு தொட்டு, ஒட்டிய கீயைச் சுற்றித் தடவுங்கள். இருபது, முப்பது தடவை அழுத்தி விடுங்கள். நன்றாகக் காயட்டும். பல கால்குலேட்டர்கள் இதிலேயே சரியாகிவிடும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்ய வேண்டாம், அது தீப்பிடிக்கும் திரவம். சானிடைசர், தேங்காய் எண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் பிசுபிசுப்பைக் கூட்டும், தின்னர் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால்தான் திறந்து, உள்ளேயும் அதே போலத் துடைக்க வேண்டும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஓரத்தை நெம்பக் கத்தி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். டிஸ்ப்ளேயையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய பட்டையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்; பிய்ந்தால் வீட்டில் ஒட்ட முடியாது.

இந்த வேலையைப் பிள்ளையையே செய்ய விடுங்களேன் என்பதுதான் என் வேண்டுகோள். “கையை வைக்காதே, கெட்டுப்போயிடும்” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பெண் தன் கால்குலேட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்குவது நியாயமா? ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுங்கள். ஆனால் செமஸ்டர் லீவில் கொடுங்கள், தேர்வுக்கு முதல் நாள் அல்ல.

சிங்கப்பூரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கிராஃபிங் கால்குலேட்டர் அனுப்பியிருந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான். அங்கே நம் பிளஸ் டூவுக்கு ஈடான ஏ லெவல் கணக்குப் பாடத்தில் அது இல்லாமல் முடியாது. 1985இல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்ததிலிருந்து கிராஃப் வரையும் கால்குலேட்டர் உலகத்துக்குப் பழக்கம். நம் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. வீட்டில் படிக்க வைத்துக்கொள்ளட்டும், ஹாலுக்குப் பழையதே போகட்டும்.

கடைசியாக, சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு. எஃப்எக்ஸ்-991இஎஸ்ஸில் இருப்பது எல்ஆர்44 என்ற பட்டன் பேட்டரி, பொத்தான் அளவுதான் இருக்கும். கழற்றியதும் மேசையில் விடாமல் மூடி போட்ட டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்